ஒன்றாம் இலக்கக் குப்பி

நான் முன்பு வேலை செய்த இடத்திலிருந்து போன மாதம் ரெலிபோன் வந்தது. எமிலி என்று ஒரு பெண். எனக்குப் பிறகு ஆற்று வேலைக்கு வந்தவள். நான் அவளைக் கண்டதில்லை.

"உங்களிடம் ஒரு கேள்வி" என்றாள். "கையேட்டில் ஆறாம் படி. முதல் மீனை வெட்டக்கூடாது, விட்டுவிட வேண்டும். சரி. ஏழாம் படி. ஒன்றாம் இலக்கக் குப்பியில் மதுசாரம் மட்டும், மீன் வேண்டாம். அதுவும் சரி. ஆனால் ஆறாம் படியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. 'சொல்ல வேண்டியதைச் சொல்லவும்.' என்ன சொல்ல வேண்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று ரெலிபோனை வைத்துவிட்டேன்.

யோசிக்க ஒன்றுமில்லை. விடை எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வெளிக்கிட்டால் முழுக் கதையும் சொல்ல வேண்டும். இங்கிலிஷில் நான் அவ்வளவு தூரம் போவதில்லை. எங்கள் சங்க மலருக்கு வேலை அனுபவம் எழுதித் தரும்படி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

நான் மன்னார்க் கரை. எட்டாம் வகுப்பு. பிறகு கடல். பிறகு நாடு விட்டது. மெல்பேர்னில் முதல் ஆறு வருடம் ஒரு மீன் கடையில் முள் எடுத்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முள் எடுத்தேன்.

கடைக்கு வருகிற ஒருவர் சொன்னார், ஆற்று மீன்களை ஆராய்கிற ஓரிடத்தில் வலை வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று. போனேன். ஒரு கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்கள். மூலையில் ஒரு வலை கிழிந்து கிடந்தது. சும்மா இருக்க முடியாமல் பொத்தத் தொடங்கினேன். அரை மணித்தியாலம் கழித்து ஒரு பெண் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நரைத்த தலை, சேறு காய்ந்த சப்பாத்து. நான் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தார். பக்கத்து முடிச்சையும் இழுத்தார்.

"ரைட்" என்றார்.

அதுதான் நேர்முகப் பரீட்சை.

அவர் பெயர் பெவர்லி. எல்லோரும் பெவ் என்பார்கள். பெரிய ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. டொக்டர் என்றேன். மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை. மீன்களின் பரம்பரை படித்தவர்.

வேலை இதுதான். மலையிலிருந்து வருகிற ஓர் ஆறு. நடுவில் ஒரு அணைக்கட்டு. அணைக்கு மேலேயும் கீழேயும் ஒரே சாதிப் பேர்ச் மீன். சாம்பல் கறுப்பு, சின்ன வாய், வெள்ளைக் கண். நாட்டில் குறைந்து போன மீன் என்பதால் பிடிக்கலாம், தின்னக்கூடாது. ஒரு மீனவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை. மேலே இருப்பவையும் கீழே இருப்பவையும் ஒரே குடும்பமா, இரண்டு குடும்பமா? இதைத்தான் பெவ் தெரிந்துகொள்ள வேண்டும். மேல் மீன்கள் வெளியே போக வழியில்லாமல் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்தால், கீழேயிருந்து கொஞ்சம் மீனைப் பிடித்து மேலே கொண்டுபோய் விடலாம். இல்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம்.

"சொந்தத்துக்குள் கட்டினால் பலவீனமாகிவிடும்" என்று பெவ் விளக்கினார்.

"எங்கட ஊரிலும் அப்படித்தான் டொக்டர்" என்றேன். அவர் அதைக் குறிப்பு எழுதவில்லை.

பெவ் பேச்சில் சிக்கனம். நானும் அப்படித்தான். முதல் பருவம் அவரே என்னோடு படகில் வந்து பழக்கினார். ஒரு நாள் முழுக்க நாங்கள் பேசியது முப்பது இலக்கங்களும் இரண்டு ரைட்டும். படகோட்டி ஸ்டீவ் என்று ஒரு பெரிய உடம்புக்காரன். அவன்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் காற்பந்து பற்றிப் பேசுவான். நாங்கள் கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதனால் அவன் நிறுத்தவில்லை.

செய்முறையைச் சொல்கிறேன். பிழை எங்கே நடந்தது என்று விளங்க அது வேண்டும்.

முதல் நாள் பின்னேரம் வைத்த, உள்ளே போன மீன் வெளியே வராத கூட்டு வலையைக் காலையில் தூக்குவோம். மீன்களை ஆற்றுத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் விடுவோம். அங்கிருந்து ஒவ்வொன்றாக மயக்கத் தொட்டிக்கு. அந்த மருந்து கராம்பு மணக்கும். வீட்டுக்குப் போனால் மனைவி என் சட்டையை மணந்துவிட்டு, "எங்க புரியாணி?" என்பாள். மீன் பக்கவாட்டில் சாய்ந்ததும் பலகையில் வைத்து மூக்கிலிருந்து வால் பிளவு வரை அளக்க வேண்டும். பிறகு கத்தரிக்கோல். ப்ளீச்சில் ஒரு முக்கு. நல்ல தண்ணீரில் ஒரு முக்கு. புதுக் கடதாசியால் ஒரு துடைப்பு. வால் செட்டையின் ஓரத்தில் ஒரு அரிசியளவு வெட்டு. அதை எடுத்து, கெடாமல் இருக்க, மதுசாரம் என்கிற ஸ்பிரிட் உள்ள குப்பியில் போட வேண்டும். இலக்கம் எழுதிய கடதாசித் துண்டு உள்ளே. அதே இலக்கம் மூடியிலும். பென்சிலால் மட்டும்தான், பேனா மை மதுசாரத்தில் கரைந்துவிடும். இலக்கத்தை இரண்டு தரம் உரத்துச் சொல்ல வேண்டும், ஒருமுறை மீனைப் பார்த்து, ஒருமுறை குப்பியைப் பார்த்து. மீன் தெளிந்து நிமிர்ந்து நீந்தினால் ஆற்றில் விடலாம். அடுத்த மீனுக்கு மறுபடி ப்ளீச்சிலிருந்து.

ஒருமுறை நல்ல தண்ணீரில் முக்காமல் துடைத்துவிட்டேன். பெவ் அந்தக் குப்பியைக் கையில் எடுத்து, குப்பைப் பையில் போட்டு, பையைக் கட்டி, என்னைப் பார்த்தார். இன்றுவரை எங்கள் வீட்டுக் குசினிக் கத்தியையும் நான் மூன்று தரம் கழுவுகிறேன்.

இன்னொரு சட்டம். பிடித்த மீன் ஒவ்வொன்றும் வந்த வரிசையில் தாளில் ஏற வேண்டும், அதற்குரிய குப்பி நிரம்பியிருக்க வேண்டும். வரிசையில் காலிக் குப்பி கூடாது. "ஓட்டை" என்பார் பெவ். "என் வரிசையில் ஓட்டை வேண்டாம்." இந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குப்பிகள் குணாவிடம் போகும். குணாவுக்கு லாப்பில், அதாவது ஆய்வுகூடத்தில், வேலை. ஈப்போவிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, இங்கேயே இருந்துவிட்ட மலேசியத் தமிழன். நாங்கள் இரண்டு பேரும் பேசாத பேச்சு முழுவதையும் அவனே, வசனத்தின் கடைசியில் ஒரு 'லா' போட்டு, பேசுவான்.

"அங்கிள், மார்க்கர்னா என்னான்னு தெரியுமா?" என்று முதல் நாளே பிடித்துக்கொண்டான்.

"தெரியாது."

"மீனு உடம்புக்குள்ள எழுத்து இருக்கு. கோடிக்கணக்கா. அதுல சில இடத்துல மட்டும் திக்கும். திக்குவாய்க்காரங்க மாதிரி. கா கா கா கா. ஒரு மீனுக்கு எட்டு தடவை திக்கும், இன்னொண்ணுக்குப் பதினொரு தடவை. அப்பா கிட்டேந்து ஒரு திக்கு, அம்மா கிட்டேந்து ஒரு திக்கு. அந்த மாதிரி நெறைய இடத்துல எண்ணிப் பாத்தா எந்தக் குடும்பம்னு தெரிஞ்சிடும் லா."

"எல்லா இடத்திலயும் ஒண்டாத் திக்கினால்?"

"அப்ப அது அதே மீனுதான்."

இந்த விடையை நான் அன்று கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு ஒரு பெருமை இருந்தது. மீனைப் பார்த்தால் மேல் மீனா கீழ் மீனா என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அதைக் குணாவிடம் சொன்னேன். அவன் கணினியில் பத்து மீன் படம் காட்டினான். நான் ஒவ்வொன்றாக, மேல், கீழ், கீழ், மேல் என்று சொன்னேன். பத்தும் பிழை.

"அங்கிள், பத்தும் தப்பு."

"சரி."

"சரி இல்ல அங்கிள். கண்ணை மூடிக்கிட்டு சொன்னாலே பாதி சரியா வரும். பத்தும் தப்புன்னா உங்களுக்கு வித்தியாசம் நல்லாவே தெரியுது. பேரைத்தான் மாத்தி வச்சிருக்கீங்க."

அன்றிலிருந்து குணாவுக்கு என் கண் மேல் பெரிய மரியாதை. அதுதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

இரண்டாம் பருவத்தில் பெவ் படகுக்கு வருவது குறைந்தது. பெரும்பாலும் நானும் ஸ்டீவும்தான். இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு வள்ளத்தில் ஒரு பழக்கம். அன்றைய முதல் மீனைக் கத்தி தொடக்கூடாது. உயிரோடு திரும்பக் கடலில் விட்டு, "போய் உன்ர சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்ல வேண்டும். யார் தொடக்கியது என்று தெரியாது. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. பல்லுத் தீட்டுவது மாதிரி. செய்யாவிட்டால் நாள் முழுக்க வாய் ஒரு மாதிரி இருக்கும்.

பெவ் படகில் இருந்த நாட்களில் முதல் மீனையும் வெட்டினேன். வாய் ஒரு மாதிரித்தான் இருந்தது. அந்த நாட்களில் பிடிபாடும் குறைவு. இதை நான் விஞ்ஞானமாகச் சொல்லவில்லை.

பெவ் இல்லாத முதல் நாள் முதல் மீனைக் கையில் எடுத்தேன். அளந்தேன். அளப்பது வெட்டுவது இல்லை. தாளில் நீளத்தை எழுதினேன். பிறகு ஆற்றில் விட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஸ்டீவ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டான்.

அப்போது ஒன்றாம் குப்பி காலி. வரிசையில் ஓட்டை. இரண்டாவது மீனை ஒன்று என்று எழுதலாம். ஆனால் அது பொய். அது இரண்டாவது மீன். பிடித்த மீனைப் பிடிக்கவில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்றைய கடைசி மீனின் வாலில் இரண்டு அரிசியளவு வெட்டினேன். ஒன்றைக் கடைசிக் குப்பியிலும் மற்றதை ஒன்றாம் குப்பியிலும் போட்டேன். இது பொய்யாக எனக்குப் படவில்லை. ஓட்டை அடைத்ததாகத்தான் பட்டது. வலை பொத்துகிறவனுக்கு ஓட்டையைக் கண்டால் கை சும்மா இராது.

அதற்குப் பிறகு பெவ் இல்லாத ஒவ்வொரு நாளும் அப்படியே. இரண்டு பருவம்.

மூன்றாம் பருவம் முடிந்து ஒரு திங்கட்கிழமை. நான் லாப்புக்கு வெறும் பெட்டிகளை எடுக்கப் போனேன். குணா கதவைச் சாத்தினான். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"அங்கிள், யாருகிட்டயும் சொல்லாதீங்க. நம்ம ஆத்துல மீனு ட்வின்ஸா பொறக்குது."

"என்னது?"

"இரட்டைப் பிறவி! ஒவ்வொரு நாளும் ஒரு ஜோடி. எல்லா இடத்துலயும் ஒரே திக்கு. ஒரு எழுத்து கூட மாறல. அது மட்டும் இல்ல, கேளுங்க. ஒண்ணு எப்பவும் காலையில மொதல்ல மாட்டுது. இன்னொண்ணு கடைசியா மாட்டுது. ஒண்ணு சீக்கிரம் எழுந்திரிக்குது, ஒண்ணு தூங்குமூஞ்சி!"

கையில் எடுத்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"ஒரே மீனாக இருக்கும் தம்பி" என்றேன்.

"நானும் மொதல்ல அப்படித்தான் நெனச்சேன். ஒரே மீனு ரெண்டு தடவை மாட்டிருக்கும்னு. ஆனா நீளம் வேற. ஒண்ணு நல்லா சாப்பிட்டுருக்கு, ஒண்ணு சாப்பிடல. அப்புறம், வெட்டின வாலு உங்க கண்ணுக்குத் தெரியாமப் போகுமா? வேற யாராவதா இருந்தா நான் சந்தேகப்படுவேன். அங்கிள் தப்பு செய்யமாட்டாரு. அப்ப மீனுதான் தப்பு செய்யுது."

நான் வெறும் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினேன்.

"இன்னொரு விஷயம். டாக்டர் போட்ல இருந்த நாள்ல மட்டும் ட்வின்ஸ் வரல. மீனுக்கும் அவங்கன்னா பயம் போல."

"டொக்டரிட்டச் சொல்லிட்டீங்களோ?"

"இல்ல லா! வியாழக்கிழமை மேலிடத்து ஆளுங்க வர்றாங்கல்ல, மீனை மேல கொண்டுபோறதா இல்லையான்னு முடிவு பண்ண. அன்னைக்கு எல்லார் முன்னாலயும் காட்டப் போறேன். டாக்டருக்கே சர்ப்ரைஸ். ஞாயித்துக்கிழமை தவறாம அம்மாவுக்குப் போன் பண்ணுவேன்ல, அவங்களுக்கு மட்டும் சொல்லிட்டேன். அழுதுட்டாங்க."

அம்மா அழுதுவிட்டார் என்ற பிறகு எனக்கு வாய் வரவில்லை. பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்து எங்கள் வான் வண்டிக்குள் ஏறி இருந்தேன். கணக்குப் பார்த்தேன். ஒரு குப்பி பொய் என்றால் எல்லாக் குப்பியும் சந்தேகம். மூன்று பருவ வேலையும் அந்தக் கட்டிய குப்பைப் பைக்குள் போகும். மேல் மீன்கள் மேலேயே கிடந்து தேயும். நான் திரும்பவும் முள் எடுக்கப் போகலாம், அது பரவாயில்லை. ஆனால் குணா மேலிடத்து ஆட்களுக்கு முன்னால் நின்று இரட்டை மீன் கதை சொல்லிவிட்டால் அவனை வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை திரும்பவும் போனேன். "தம்பி, அந்த இரட்டை..." என்று தொடங்கினேன். "அங்கிள், அதுக்கு உங்க பேரு வைக்கச் சொல்லப் போறேன்!" என்றான். வந்துவிட்டேன்.

பெவ்விடம் நேரே சொல்லலாம். அவர் வியாழன் காலைதான் வருவார், மலைப் பக்கம் வேறு வேலை. அங்கே ரெலிபோன் எடுக்காது.

புதன்கிழமை ஒரு முடிவு எடுத்தேன். பேசத்தானே வரவில்லை, எழுதுவோம். மத்தியானம் வானுக்குள் இருந்து ஒரு கடிதம் எழுதினேன். தமிழில், பென்சிலால், இரண்டு பக்கம். முதல் மீன், பழக்கம், ஓட்டை, கடைசி மீன், எல்லாம். "வியாழக்கிழமை அதைச் சொல்லாதேங்கோ" என்று கடைசியில் இரண்டு தரம் கோடிட்டேன். மடித்துக் கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். கொடுத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

குணா விரித்துப் பார்த்தான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான்.

"அங்கிள், ரொம்ப அழகா இருக்கு. வாழ்த்தா? எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது லா. மலாய் ஸ்கூல். அம்மாவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பிடுறேன். அவங்க படிச்சுச் சொல்லுவாங்க."

என் குற்ற ஒப்புதல் ஈப்போவுக்குப் போனது.

வியாழன் காலை. பெரிய மேசை. மேலிடத்திலிருந்து நான்கு பேர். தலைவராக இருந்தவர் கழுத்துப் பட்டி கட்டிய மெல்லிய மனிதர். பெவ் மேசையின் தொங்கல் முனையில், சேற்றுச் சப்பாத்தோடு. நானும் ஸ்டீவும் சுவரோரக் கதிரைகளில். குணா அயன் பண்ணிய சட்டை போட்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவனும் கையைக் காட்டினான். அம்மா இன்னும் படிக்கவில்லை என்று விளங்கியது.

குணா மேல் மீன், கீழ் மீன் கணக்கை நன்றாகச் சொன்னான். இரண்டும் வேறு வேறு குடும்பம். மேலே இருப்பவை தங்களுக்குள்ளேயே கட்டியவை. தலைவர் தலையாட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் லாப் எண்ணுவது சரி என்று எப்படி நம்புவது? ஒரே மீனை இரண்டு தரம் கொடுத்தால் இரண்டு தரமும் ஒரே விடை வருமா?"

குணா சிரித்தான். "அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் இதுவரை யாரும் காணாத ஒன்று" என்று இங்கிலிஷில் சொல்லி அடுத்த படத்துக்குத் தாவினான். திரையில் இரண்டு மீன், ஒன்றையொன்று பார்த்தபடி.

நான் எழும்பினேன். எப்படி எழும்பினேன் என்று தெரியாது.

"இரட்டை இல்லை" என்றேன். "நான்."

எல்லோரும் திரும்பினார்கள். தலைவர் மரியாதையாகக் கேட்டார், "நீங்கள் இரட்டைப் பிறவியா?"

"இல்லை. மீன் இரட்டை இல்லை. நான் இரண்டு தரம் வெட்டினேன்."

அதற்குப் பிறகு நான் என் வாழ்க்கையிலேயே ஆக நீளமான இங்கிலிஷ் பேசினேன். முதல் மீனை விடுவதைச் சொன்னேன். கடைசி மீனை இரண்டாக வெட்டியதைச் சொன்னேன். ஓட்டை அடைத்ததைச் சொன்னேன். முடிந்ததும் நின்றேன். இருக்கலாமா என்று தெரியவில்லை. குணாவைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பெவ் பென்சிலைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாள்?"

"நீங்கள் வராத எல்லா நாளும்."

"ஒன்றாம் குப்பி மட்டுமா?"

"மட்டும்."

"ஏன் காலியாக விடவில்லை?"

"காலிக் குப்பி கூடாது என்று நீங்கள் சொன்னீர்கள்."

மேசையில் யாரோ இருமினார்கள். பெவ் குணாவின் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சோடிகளைத் தவிர வேறெங்காவது ஒரே மீன் இரண்டு தரம் வருகிறதா?"

குணா தாள்களைப் புரட்டினான். காது சிவந்திருந்தது. "இல்லை."

"ஒரு சோடியிலாவது எழுத்து மாறியிருக்கிறதா?"

"ஒன்றிலும் இல்லை."

"ஒரு நாளாவது தவறியதா? நான் இல்லாத நாளில் சோடி இல்லாமல்?"

"இல்லை. ஒவ்வொரு நாளும் இருக்கிறது."

பெவ் தலைவரைப் பார்த்தார். "சோம்பேறி இவ்வளவு ஒழுங்காகப் பொய் செய்யமாட்டான். இவர் ஒன்றாம் குப்பியைக் கெடுத்தார். ஒன்றாம் குப்பிகள் எல்லாவற்றையும் எறிகிறேன். பிழை நடந்தது என்று அறிக்கையில் எழுதுகிறேன். ஆனால் நீங்கள் இப்போது ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒரே மீனை இரண்டு பெயரில் கொடுத்தால் லாப் கண்டுபிடிக்குமா என்று. இவர் இரண்டு பருவமாக, யாருக்கும் சொல்லாமல், ஒவ்வொரு நாளும் கொடுத்திருக்கிறார். லாப் ஒவ்வொரு நாளும் கண்டுபிடித்திருக்கிறது. இதைவிட நல்ல சோதனையை நான் வேண்டுமென்று வைத்திருந்தாலும் வைத்திருக்க முடியாது."

தலைவர் ஸ்டீவைக் கேட்டார், "நீங்கள் இதைப் பார்க்கவில்லையா?"

"பார்த்தேனே" என்றான் ஸ்டீவ். "அது செய்முறை என்று நினைத்தேன். மற்ற ஆறுகளுக்கு மற்ற ஆட்களோடு போகிற நாட்களில் அவர்கள் அதைச் செய்வதில்லை. ஒழுங்காக வேலை செய்கிறார்கள் இல்லை என்று முறைப்பாடு கொடுக்க இருந்தேன்."

மீனை மேலே கொண்டுபோவது என்று அன்று முடிவானது.

வெளியே நடையில் குணா வந்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. மூண்டு நாளாச் சொல்ல வந்தனான்."

"விடுங்க அங்கிள். இன்னும் ரெண்டு படம் தள்ளிப் போயிருந்தா அதுக்கு உங்க பேரை வச்சிருப்பேன். மேலிடத்துல எல்லாருக்கும் உங்க பேரு தெரிஞ்சிருக்கும்." கொஞ்சம் யோசித்தான். "இப்பவும் தெரிஞ்சுதான் போச்சு."

அப்போது அவனுடைய ரெலிபோன் அடித்தது. அம்மா. அவன் கேட்டுக்கொண்டே நின்றான். நீண்ட நேரம். வைத்துவிட்டுச் சொன்னான்.

"கடிதம் படிச்சாங்களாம். பெரியவர் சொல்றதைக் கேளு, இன்னைக்குப் பேசாதேன்னு சொல்றாங்க." சிரிக்கத் தொடங்கினான். "கையெழுத்து ரொம்ப நல்லா இருக்காம். நம்ம வீட்டுல யாருக்கும் இப்படி எழுத வராதாம்."

பெவ் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். இரண்டு வரி. அவர் எனக்கு எழுதியதில் அதுதான் நீளம்.

"என்னிடம் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"நீங்கள் கேட்கவில்லை."

"நீயும் சொல்லவில்லை."

"ஓம்" என்றேன். எங்கள் ஊர் ஆமாம் அது. அந்தச் சொல் அவருக்குத் தெரியும்.

"ரைட்" என்றார்.

அடுத்த பருவத்தின் முதல் நாள் அவரும் படகில் வந்தார். முதல் மீன் வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். அளக்கச் சொன்னார். அளந்தேன்.

"விடு."

விட்டேன்.

"சொல்ல வேண்டியதைச் சொல்."

சொன்னேன். ஸ்டீவ் தொப்பியைக் கழற்றினான். பெவ் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். போய் உன் சொந்தக்காரரைக் கூட்டிக்கொண்டு வா என்று அர்த்தம் என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருடமாக நானும் மீனிடம் அதைத்தான் கேட்கிறேன்" என்றார். "வால் வெட்டிக் கேட்கிறேன்."

பிறகு ஒன்றாம் குப்பியை எடுத்து, மூடியை இறுக்கி, என் கையில் தந்தார். "இது இனி எப்போதும் காலி. மதுசாரம் மட்டும். கழுவிய கத்தரிக்கோலை இதற்குள் ஒருமுறை முக்கி எடு. லாப்பில் இதற்குள் மீன் எழுத்து தெரிந்தால் உன் கத்தரிக்கோல் ஊத்தை என்று அர்த்தம்." கையேட்டைத் திறந்து பென்சிலால் இரண்டு படி சேர்த்தார். அவர் வரிசையில் அவரே வைத்த ஒரே ஓட்டை அது. நான் ஓய்வு பெறும் வரை அந்தக் குப்பிக்குள் ஒன்றும் தெரிந்ததில்லை.

இதை எழுதிவிட்டு எமிலிக்கு எடுத்தேன். இங்கிலிஷில் ஒரு வரியில் சொன்னேன். அவள் தமிழில்தான் வேண்டும் என்றாள். சொல்லிக் கொடுத்தேன். நான்கு தரம் சொல்லிப் பார்த்தாள்.

நேற்றுக் காலை படகிலிருந்து அவளே எடுத்தாள். பின்னால் மோட்டார்ச் சத்தம்.

"ஒரு சிக்கல். முதலில் வந்தது கார்ப். வெளியிலிருந்து வந்து ஆற்றைக் கெடுக்கிற மீன், உயிரோடு திரும்ப விடுவது சட்டப்படி குற்றம். கையேடு விடச் சொல்கிறது. என்ன செய்ய?"

"சட்டத்தைப் பார். கார்ப்பின் சொந்தக்காரர் எங்களுக்குத் தேவையில்லை. முதல் பேர்ச் வரும்வரை பொறு."

"ஒரு மணித்தியாலமாகப் பேர்ச் வரவில்லை. குப்பிகள் எல்லாம் காலி. கார்ப் வாலில் கொஞ்சம் வெட்டி ஒன்றாம் குப்பியில் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று சிரித்தாள்.

"லாப்பில் குணாவுக்குத் தெரியும்" என்றேன். "ஞாயிற்றுக்கிழமைக்குள் ஈப்போவிலும் தெரியும்."

ஈப்போ எங்கே இருக்கிறது என்று கேட்டாள். நான் ரெலிபோனை வைத்துவிட்டேன்.